பின்தொடை இறுக்கமும் போனஸ் கோடும்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 26. ஊர் கபடி அணியில் ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்பவர். வார நாள்களில் எட்டு மணி நேரம் நாற்காலி வேலை. போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போதெல்லாம் பின்தொடை இழுத்துப் பிடிக்கிறது. கடந்த ஓராண்டில் அதே காலில் இரண்டு முறை தசைக் காயம் ஏற்பட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு வாரங்கள் ஆட முடியாமல் போயிருக்கிறது. ஆறு மாதமாக ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கால் மணி நேரம் ஸ்ட்ரெச்சிங் செய்தும், நின்றவாறு குனிந்து கால்விரலைத் தொட முடியவில்லை. உடல்வாகே இப்படித்தானா, அல்லது செய்யும் முறையில் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கல் போட்டிகளுக்கு இன்னும் 10 வாரம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

உடல்வாகுக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பெரும்பங்கு பயிற்சி செய்யும் நேரத்திலும் முறையிலும் இருக்கிறது. தசையை இழுத்து நீளமாக்க முயல்கிறீர்கள். அந்த நீளத்தில் தசைக்கு வலுவைச் சேர்க்கவில்லை. என் பதில் முழுவதும் இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

நம் ஊரில் தசை பிடித்துக்கொண்டால் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்போம். உடற்கூற்றியல்படி அது தவறு; இழுத்துக்கொள்வது தசைதான். ஆனாலும் அந்தப் பேச்சு வழக்கில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு மூட்டு எவ்வளவு தூரம் திறக்கலாம் என்பதைத் தசையின் நீளம் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த எல்லையைக் காவல் காப்பது நரம்பு மண்டலம்.

இதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிது என்பதால், என்னிடம் வரும் ஆட்டக்காரர்களுக்கு நான் வழக்கமாகச் செய்துகாட்டும் ஒன்றை எழுதுகிறேன். அவர் மல்லாந்து படுத்திருப்பார். முழங்காலை மடக்காமல் ஒரு காலை நான் மெதுவாகத் தூக்குவேன். ஏறத்தாழ 60 பாகையில் முகம் சுளிக்கும், 'அவ்வளவுதான் சார்' என்பார். அங்கேயே காலை நிறுத்தி, என் தோளின் மேல் வைத்திருக்கும் குதிகாலைக் கீழ்நோக்கி ஆறு விநாடி நன்றாக அழுத்தச் சொல்வேன். பிறகு மூச்சை விட்டுத் தளரச் சொல்வேன். அடுத்த முறை தூக்கும்போது கால் பெரும்பாலும் சில பாகைகள் கூடுதலாகவே போகும். இதையே மூன்று முறை செய்தால், படுத்திருப்பவரே தலையைத் தூக்கித் தன் காலை வியப்போடு பார்ப்பார். அரை நிமிடத்தில் தசை எதுவும் வளர்ந்துவிடவில்லை. காவல் சற்றுத் தளர்ந்தது, அவ்வளவே. 1940-களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபட் என்ற மருத்துவர் இளம்பிள்ளை வாதம் போன்ற நோய்களால் தசைகள் செயலிழந்தவர்களுக்காக உருவாக்கிய பி.என்.எஃப். என்னும் சிகிச்சை முறையிலிருந்து விளையாட்டுக்கு வந்த உத்தி இது.

டென்மார்க்கில் மாக்னுசன் என்பவரின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது. பங்கேற்றவர்கள் மூன்று வாரம் ஒரு காலின் பின்தொடையை மட்டும் நீட்டிப் பயிற்சி செய்தார்கள்; மறு காலை அப்படியே விட்டுவிட்டார்கள். பயிற்சி பெற்ற கால் முன்பைவிட அதிக தூரம் போனது. ஆனால் ஒரே கோணத்தில் வைத்து அளந்தபோது தசை தரும் எதிர்ப்பு முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. மாறியது, எவ்வளவு இழுவிசை வரை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதுதான். பல மாதங்கள், நாள்தோறும் நீண்ட நேரம் செய்தால் தசையின் விறைப்பும் ஓரளவு குறையக்கூடும். ஆனால் முதல் சில வாரங்களில் நாம் பெறும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இந்தச் சகிப்பு வகையைச் சேர்ந்தது.

அந்தக் காவல் எங்கிருந்து வருகிறது? தசை நார்களுக்கு இடையே, நூல் நூற்கும் கதிரின் வடிவில் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற இரண்டையும் அவை தண்டுவடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வேகமாக இழுத்தால் உடனே 'சுருங்கு' என்ற கட்டளை திரும்பி வரும். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவதும் இதே அனிச்சைச் செயல்தான். ஆகவே, குனிந்துகொண்டு உடம்பை ஆட்டி ஆட்டிக் கால்விரலைத் தொட முயலும்போது, எந்தத் தசையைத் தளர்த்த நினைக்கிறீர்களோ அதையே ஒவ்வோர் அசைப்பிலும் சுருங்கச் சொல்கிறீர்கள். இது தவிர, தசை நாரின் உள்ளே டைட்டின் என்ற மிகப் பெரிய புரதம் ஒரு சுருள்வில்லைப் போல இருந்து, நீளும்போது எதிர்த்து இழுக்கிறது. ஏற்கெனவே காயம்பட்ட தசையில் காவல் இன்னும் கடுமையாக இருக்கும். இரண்டு முறை கிழிந்த இடத்தை உங்கள் மூளை மறந்துவிடவில்லை. அங்கே நீங்கள் உணரும் இறுக்கம், பல நேரங்களில், தசை குட்டையாக இருப்பதன் அடையாளம் இல்லை. நீண்ட நிலையில் அது பலவீனமாக இருப்பதன் அடையாளம்.

இனி போனஸ் கோட்டுக்கு வருவோம். ஆடவர் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் கட்டாயம் தாண்டவேண்டிய பாக் லைன், அதற்கு அப்பால் 1 மீட்டரில், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு. எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது, முன் கால் அந்தக் கோட்டைத் தாண்டித் தரையில் படவேண்டும்; அந்த நொடியில் பின் கால் காற்றில் இருக்கவேண்டும். இதை மெதுவாக்கி மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். இடுப்பு மடங்கி, முழங்கால் ஏறக்குறைய நீண்டு, பின்தொடைத் தசை தன் நீளத்தின் எல்லைக்கு அருகில் இருக்கும் நிலையில், உடலின் மொத்த எடையும் அந்த ஒரே காலில் இறங்குகிறது. அடுத்த கணமே கணுக்காலைப் பிடிக்க (ஆங்கிள் ஹோல்டு) எதிராளியின் கை வருவதற்குள் அதே கால் உங்களைப் பின்னோக்கித் தள்ளியாகவேண்டும். உட்கார்ந்துகொண்டு இரு கைகளால் பாதத்தைப் பிடித்து இழுக்கும் ஸ்ட்ரெச்சிங்குக்கும் இதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். அங்கே தசை ஓய்வில் நீள்கிறது. இங்கே முழு எடையைத் தாங்கிக்கொண்டு, வேகத்தில் நீள்கிறது. முதலாவதைப் பழகினால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

டோ டச்சுக்கு, அதாவது காலை நீட்டி விரல் நுனியால் எதிராளியைத் தொடுவதற்கு, வேண்டியது வேறு. அங்கே ஊன்றிய காலின் முழங்கால் நன்றாக மடங்கி, கணுக்கால் முன்னோக்கிச் சாயவேண்டும். நீட்டும் காலின் கவட்டைத் தசை திறக்கவேண்டும். எனவே 'எனக்கு நெகிழ்வு இல்லை' என்று பொதுவாகச் சொல்வது பயன்படாது. எந்த மூட்டில், எந்தத் திசையில், எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால்தான் பயிற்சி பிடிபடும்.

அதற்குக் கால்விரலைத் தொடும் சோதனை நல்ல அளவுகோல் அன்று. கை நீளமாகவும் கால் குட்டையாகவும் இருப்பவர் இறுகிய பின்தொடையோடும் தொட்டுவிடுவார். முதுகு நன்றாக வளைபவரும் தொட்டுவிடுவார். அதை மறந்துவிட்டு இரண்டை மட்டும் அளந்து எழுதிவையுங்கள். முதலாவது, மல்லாந்து படுத்து, ஒரு கால் தரையில் நீண்டிருக்க, மறு காலை மடக்காமல் தூக்குவது. கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியைக் கணுக்காலுக்கு மேல் வைத்தால் கோணம் தெரியும். ஒரு ரைடருக்கு 80 பாகை இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. இரண்டாவது, சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடவைப்பது. தொட முடிகிற அதிகபட்ச நிலையில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு என்று அளவுகோலால் பாருங்கள். 10 சென்டிமீட்டர் வந்தால் நன்று. இரண்டு கால்களுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த காலில் கவனம் வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து செய்யும் ஸ்ட்ரெச்சிங்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது கேடு என்று சொல்ல வரவில்லை. அது அங்கே செய்ய வேண்டியதில்லை. கனடாவின் டேவிட் பெம் உள்ளிட்ட குழு 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு தசையை 60 விநாடியோ அதற்கு மேலோ அசையாமல் நீட்டிய உடனே வலுவும் வேகமும் சார்ந்த திறன் சராசரியாக 4.6 சதவீதம் குறைந்திருந்தது. 60 விநாடிக்குக் குறைவாக நீட்டினால் குறைவு 1.1 சதவீதம்தான், அசைவோடு கூடிய நீட்டல் பயிற்சிகளுக்குப் பின் திறன் சிறிதளவு கூடியிருந்தது. காயத் தடுப்பிலும் எதிர்பார்த்த பலன் இல்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2000-ல் வெளியானது. பயிற்சிக்கு முன் கால் தசைகளை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறுநாள் உடல்வலியைத் தவிர்க்க ஸ்ட்ரெச்சிங் செய்வோரும் உண்டு; அதிலும் பலன் மிகச் சொற்பம்.

களத்தில் இறங்கும் முன் செய்ய வேண்டியது, உடம்பைச் சூடாக்கி, ஆட்டத்தில் வரும் அசைவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாகக் கூட்டிக்கொண்டு போவது. ஐந்து நிமிட மெதுவோட்டம், பக்கவாட்டு நகர்வு. பிறகு தூணையோ நண்பரின் தோளையோ பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், அடுத்து இடமும் வலமும் பத்துப் பன்னிரண்டு முறை வீசுதல். அடியெடுத்து முன் குந்துதல். இரண்டு மூன்று குறு ஓட்டங்கள், கடைசியது ஏறக்குறைய முழு வேகத்தில். முடிவாக, எதிராளி இல்லாத களத்தில் நாலைந்து போனஸ் முயற்சிகள், முதலாவது பாதி வேகத்தில். எல்லாம் சேர்ந்து 15 நிமிடம். உங்கள் ஆட்டம் இரவு 11 மணிக்கு என்று அறிவித்துவிட்டு 1 மணிக்கு அழைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பில் உடல் ஆறிவிட்டால், இதில் பாதியை மறுபடி செய்துவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

அசையாமல் நீட்டும் பயிற்சியை இரவுக்கு மாற்றுங்கள். சிறிது தூரம் நடந்துவிட்டு வந்தபின், அல்லது வெந்நீரில் குளித்தபின், பின்தொடையை ஒரு முறைக்கு 30 விநாடி வீதம் நீட்டினால் போதும். 1994-ல் பேண்டியும் இரியனும் இறுகிய பின்தொடை உடையவர்களிடம் வாரம் 5 நாள், 6 வாரம் செய்த சோதனையில் 30 விநாடி நீட்டியவர்களும் 60 விநாடி நீட்டியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். 15 விநாடிக்காரர்கள் பின்தங்கினார்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும் வலி கூடாது. இழுவை உணர்வு தெரிந்தால் போதும். முதுகைக் கூன விடாமல் இடுப்பிலிருந்து மடங்குவது முக்கியம். கூனி மடங்கினால் நீள்வது முதுகே தவிரப் பின்தொடை இல்லை.

இப்போது உங்களிடம் இல்லாத பகுதிக்கு வருகிறேன்: நீண்ட நிலையில் வலு. இதில் மூன்று பயிற்சிகளை நம்புகிறேன்.

முதலாவது நோர்டிக். மடித்த பாயில் மண்டியிட்டு, நண்பர் இரு கணுக்கால்களையும் அழுத்திப் பிடித்திருக்க, முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக முன்னோக்கிச் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றிவிடலாம். முதல் நாள் நீங்கள் பொத்தென்று விழுவீர்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு முறை வீதம் இரண்டு சுற்று. பிறகு வாரம் இரண்டு நாள், ஆறிலிருந்து எட்டு முறை வீதம் மூன்று சுற்று. தொடக்கத்திலேயே எண்ணிக்கையைக் கூட்டினால் இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாது. பலர் இதைக் கைவிடுவது அதனால்தான். 2019-ல் வெளியான தொகுப்பாய்வில், இப்பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. தசை நார்க் கற்றைகளின் நீளமும் இதனால் கூடுகிறது. இழுத்து இழுத்து நாம் பெற முயலும் நீளம், சுமையோடு மெதுவாக நீளும்போது வருகிறது.

இரண்டாவது, போனஸ் அசைவையே மெதுவாக்கிய ஒன்று. வழவழப்பான தரையில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டு, முன் காலின் குதிகாலை அதன் மேல் வையுங்கள். ஒரு கை தூணையோ கதவு நிலையையோ பிடித்திருக்கட்டும். பின் முழங்காலை மடக்கி இறங்கிக்கொண்டே, முன் குதிகாலை மூன்று விநாடியில் முன்னோக்கி வழுக்கவிடுங்கள். எல்லையில் இரண்டு விநாடி நில்லுங்கள். பிறகு, குதிகாலால் தரையைக் கீழே அழுத்தி, அதே காலின் இழுப்பிலேயே திரும்பி வாருங்கள். அந்தத் திரும்பி வரும் இழுப்பில் துணி சுருண்டு, தொடையின் அடிப்பகுதி கல்லாக இறுகுவதை உணர்வீர்கள். எட்டு முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். கடைசியாகக் குதிகால் போய்ச் சேரும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல அந்தக் கோடு நகர்வதைப் பார்ப்பதைவிட நல்ல ஊக்கம் வேறில்லை.

மூன்றாவது கவட்டைக்கானது, கோபன்ஹேகன் பயிற்சி என்று பெயர். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலின் முழங்காலை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, முழங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். பழகியபின் முழங்காலுக்குப் பதில் பாதத்தைப் பெஞ்சில் வைக்கலாம். நார்வே கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வில் இது கவட்டைத் தொல்லைகளை 41 சதவீதம் குறைத்தது. கணுக்காலுக்குத் தனிப் பயிற்சி தேட வேண்டியதில்லை. சுவர்ச் சோதனையையே நாள்தோறும் பத்து முறை செய்யுங்கள். குதிகால் தரையில் பட, குத்துக்காலிட்டு அமர்ந்து ஒன்றிரண்டு நிமிடம் இருங்கள். அரிவாள்மனை முன் குந்தியிருந்தே காய் நறுக்கி முடித்த பாட்டிகளுக்கு யாரும் கணுக்கால் பயிற்சி சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு மணி நேர நாற்காலிக்கு நடுவே மணிக்கொரு முறை எழுந்து நிற்பதும் இதே கணக்கில் சேரும்.

உடல்வாகு பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். இடுப்பு மூட்டில் பந்துக்கிண்ணத்தின் ஆழமும் தொடை எலும்பின் கழுத்து திரும்பியிருக்கும் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். காலை நீட்டும்போதோ மடக்கும்போதோ தொடை இடுக்கின் முன்புறத்தில் கிள்ளுவதுபோல் வலித்து, 'டக்'கென்று முட்டி நின்றால் அது எலும்பின் எல்லையாக இருக்கலாம். அதை எந்த ஸ்ட்ரெச்சிங்கும் மாற்றாது. பாதத்தைச் சற்று வெளிநோக்கித் திருப்பி வைத்துத்தான் வழி தேடவேண்டும். எதிர்முனையில், பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்கள் உண்டு. முழங்கையும் முழங்காலும் பின்னோக்கி வளைவதும், கட்டைவிரல் முன்கையைத் தொடுவதும் அதன் அறிகுறிகள். உங்கள் அணியில் அப்படி யாராவது இருந்தால் அவருக்கு நீட்டல் பயிற்சி தேவையில்லை, வலுப் பயிற்சி மட்டும் போதும்.

கவனமாக இருக்க வேண்டிய மூன்று இடங்கள். இழுவை பின்தொடையின் நடுவில் இல்லாமல் முழங்காலுக்குப் பின்னாலோ கெண்டைக்காலிலோ மின்சாரம்போல் ஓடினால், மரத்துப்போனால், அல்லது தலையைக் குனிந்ததும் கூடினால், அது தசை அன்று, முதுகிலிருந்து இறங்கும் நரம்பு. நீட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் கால் நீட்டி அமர, இன்னொருவர் பின்னால் நின்று முழங்காலால் முதுகை அழுத்தும் பழக்கத்தைப் பல மைதானங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தடுக்கிறேன். அழுத்துபவருக்கு உங்கள் எல்லை தெரியாது. ஆட்டத்தில் மறுபடி 'சுரீர்' என்று பிடித்தால், முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவவும் கூடாது, நீட்டிப் பார்க்கவும் கூடாது. கிழிந்த இடத்தில் இரத்தக்கசிவு கூடும்.

10 வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அளவுகள், இரவு நீட்டல், குறைந்த எண்ணிக்கையில் மூன்று வலுப் பயிற்சிகள். இந்தக் காலத்தில் பயிற்சி ஆட்டத்திலும் போனஸ் முயற்சி வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வரை முழு அளவு. நான்காவது வார முடிவில் கால் தூக்கும் கோணத்தை மறுபடி அளந்து பாருங்கள், மாற்றம் பெரும்பாலும் அப்போது தெரியத் தொடங்கும். ஐந்தாவது வாரத்திலிருந்து பயிற்சி ஆட்டத்தில் வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஆறேழு முறை, போனஸ் முயற்சி. முன் கால் ஊன்றியதும் உடம்பு எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை நண்பரைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது வாரத்தில் நோர்டிக் பாதியாகக் குறையட்டும். போட்டிக்கு முந்தைய நான்கு நாள் அதைத் தொடவே வேண்டாம். போட்டி முடிந்தபின் வாரம் இரண்டு நாள் தொடர்ந்தால் பெற்றது தங்கும். இரண்டு கால்களின் இன்றைய அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்; காயம்பட்ட காலில் நோர்டிக் செய்யும்போது குறிப்பாக எந்த இடத்தில் பயம் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.